கை எடுத்தால் நிற்கும் வண்டி

மீனம்பாக்கத்துக்கும் பழவந்தாங்கலுக்கும் நடுவே
ஒரு வேப்பமரம்.
மற்றவர்களுக்கு அது மரம்.
எனக்குக் காலை ஏழு ஐம்பத்திரண்டு.

நீல நிறச் சாப்பாட்டுப் பை.
முகம் நினைவில்லை என்றேன் விசாரணையில்.
எழுதிக்கொண்டார்கள்.
ஹாரன் அடித்தீர்களா? அடித்தேன்.
பிரேக் போட்டீர்களா? போட்டேன்.
எத்தனை மீட்டரில் நின்றது?
அதையும் சொன்னேன்.
தவறு உங்கள் மீது இல்லை என்று ஒரு தாள் தந்தார்கள்.
ஹேமாவதி அதை லேமினேட் செய்து
ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
மின்ரயில் ஓட்டுகிறவன் கைக்குக் கீழே
ஒரு பிடி உண்டு.
அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.
அவன் மயங்கினால், செத்தால்,
கை தளரும், பிடி மேலே எழும்,
வண்டி தானாக நின்றுவிடும்.
நல்ல ஏற்பாடுதான்.
பத்தொன்பது வருடம் அழுத்திய கை
இப்போது விடியும்வரை
தலையணையை அழுத்துகிறது.
எடுத்தால் எது நின்றுபோகும் என்று தெரியவில்லை.

குக்கர் விசிலுக்குத் தட்டை நழுவவிட்டேன்.
குறுக்கே ஓடியதற்காக மகனை அறைந்தேன்.
அவன் ஓடியது எங்கள் கூடத்தில்,
ஒரு பந்துக்குப் பின்னால்.
அழவில்லை.
மறுநாளிலிருந்து என்னைத் தாண்டும்போது
சுவரோரமாக நின்று
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனான்.

அண்ணன் திருநீறு கொண்டுவந்தான். பூசிக்கொண்டேன்.
தாம்பரத்தில் கூட வேலைபார்க்கும் ஜெபராஜ் சொன்னான்,
எனக்கு மூணு, உனக்கு ஒண்ணுதானேப்பா.
சொல்லிச் சிரித்தான்.
அவன் கையில் டீ ஆடிக்கொண்டிருந்தது.

பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்
டாக்டர் நஸ்ரின் கேட்டார், "தூங்குறீங்களா?"
மீட்டர் கணக்கு கேட்டவர்கள் கேட்காத கேள்வி.
பதிலுக்குப் பதில் அழுகை வந்தது.
அவர் ஒன்றும் சொல்லாமல்
எழுந்துபோய் ஃபேனைக் குறைத்தார்.
இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றார் பிறகு.
நீளமான பெயர்.
முதலில் எரிச்சலாக இருந்தது.
பஸ்ஸில் வரும்போது தோன்றியது,
பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால்
எனக்கு முன்பே யாருக்கெல்லாமோ வந்திருக்கிறது.

ராத்திரி அரை மாத்திரை.
வியாழக்கிழமை பேச்சு.
பேச்சு என்றால்
அந்த ஏழு ஐம்பத்திரண்டை முதலிலிருந்து சொல்வது,
இப்போது நடப்பதுபோல.
நாலாவது வியாழன் பைக்குக் கைப்பிடி வந்தது.
ஏழாவது வியாழன் முகம் வந்தது.
மீசை. ஒரு பக்கம் மடங்கிய காலர்.
எதிர்ப்பக்கம் யாருக்கோ கை காட்டிக்கொண்டிருந்தார்.
அன்று வீட்டுக்குத் திரும்ப
மூன்று பஸ்ஸைத் தவறவிட்டேன், வேண்டுமென்றே.

அது வரும்போதெல்லாம்
கண்ணில் படும் ஐந்தைச் சொல்லுங்கள் என்றிருந்தார்.
மெட்ராஸில் ஐந்துக்கா பஞ்சம்.
மேம்பாலத்தடியில் நின்று சொன்னேன்:
தண்ணி லாரி.
அதன் ஒழுகலுக்குக் குடம் பிடித்தபடி கூடவே ஓடும் ஒரு பெண்.
அறுந்து தொங்கும் கேபிள்.
சாலை நடுவே அசைபோடும் மாடு.
என் செருப்பில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு கட்சியின் நோட்டீஸ்.
முடித்தபோதும் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது.
ஆனால் பெரம்பூரில் அடித்தது.

போன ஞாயிறு மகனோடு பீச்சுக்குக் கிளம்பினேன்,
டிக்கெட் வாங்கிய பயணியாக.
திரிசூலம் தாண்டியதும்
என் கை என் முழங்காலை அழுத்தத் தொடங்கியது.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"அப்பா, வேற ஒருத்தர் ஓட்டுறாரு" என்றான்,
கடலை உரித்துக்கொண்டே.

கையை எடுத்தேன்.
மீனம்பாக்கத்தில் நின்றது வண்டி,
நிற்க வேண்டியதால். பிறகு கிளம்பியது.
ஜன்னலில் மரம் வந்தது. போனது.
பூத்திருந்ததா என்று பார்க்கவில்லை.

பரங்கிமலை வரை கை சும்மா இருந்தது.
அதற்கப்புறம் மறுபடி அழுத்தினேன்.
திரும்பும்போது
அந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும் என்றான்.
சரி என்றேன்.
பாதிக் கடலை எனக்கு.